நாக்கு மரத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

"எட்டீ விமலே, சிப்பி வந்தாச்சா?"

பின்வாசலில் நின்று ராஜதாஸ் கேட்டார். விமலகுமாரி திரும்பவில்லை. திரும்பினால் துணிக்கொடியும் அதற்கப்பால் ரப்பர் மரங்களும்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் செத்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது.

"வரல்ல," என்றாள், தேங்காயைத் துருவிக்கொண்டே.

"செல்லையன் கொண்டுவாறேன்னு சொன்னானே."

"செத்த மனுசனுக்கு எதுக்கு சிப்பி?"

"செத்தவனுக்கு நாக்கு இல்லேன்னு ஒனக்கு ஆரு சொன்னா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். எதைச் சொன்னாலும் திருப்பி ஒன்று சொல்லாமல் விடமாட்டார். பொழியூரிலிருந்து வெள்ளறடைக்குப் பஸ் ஓட்டிய காலத்தில், அவர் வாயைக் கேட்கவே முன் சீட்டுக்கு அடிபிடி நடக்கும் என்பார்கள்.

"அம்மா, ஆருகிட்டப் பேசுதீங்க?"

மகன் அபின் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அடுக்களை வாசலில் நின்றான். நெய்யாற்றின்கரையில் டிவி, பிரிட்ஜ் விற்கும் கடையில் அவனுக்கு வேலை.

"பாட்டுப் பாடினேன் மக்கா."

"பாட்டு இல்ல. நீங்க பதில் சொல்லுத மாதிரி இருந்து." அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "அம்மா, ஒரு டாக்டரைப் பாத்திருவோமா? சும்மா ஒரு தடவ. அத்தையும் சொல்லுதாங்க."

"ஒனக்க அத்தைக்கு வேற வேல கிடையாதா?"

"செரி, அத விடுங்க. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்க வருஷ ஜெபத்துக்கு செல்லையன் மாமா சிப்பி கொண்டுவாறாரு. ஒரு சாக்கு நிறைய. பைசா வேண்டாமாம். 'ராஜதாசுக்க பேருல நான் தாறதாக்கும்'னு சொல்லுதாரு. அப்பாவுக்கு பிடிச்ச சாதனம் இல்லியா? நீங்க அந்த மசாலாவ வைக்கணும்."

தேங்காய்த் துருவியில் அவள் கை நின்றது.

"சிப்பி வேண்டாம் அபின்."

"ஏன்?"

"கடல் செந்து கிடந்துதுன்னு சொன்னாங்களே."

"அதெல்லாம் தெளிஞ்சு ரெண்டு ஞாயிறு கழிஞ்சாச்சு. வெள்ளம் கண்ணாடி போல கிடக்குதாம். தெளிஞ்ச பொறவுதான் செல்லையன் மாமா கல்லுல இறங்குவாரு, ஒங்களுக்குத் தெரியாதா?"

அது அவளுக்குத் தெரியும். அந்தக் கடற்கரை முழுக்கத் தெரிந்த வழக்கம் அது. கடல் கலங்கியோ சிவந்து நிறம் மாறியோ கிடந்தால், கடலுக்குள் நீட்டிப் போட்ட புலிமுட்டுக் கற்களில் யாரும் சிப்பி பறிக்க இறங்கமாட்டார்கள். தெளிந்தால் இறங்குவார்கள். கலக்கத்துக்குப் பிறகு பறிக்கிற சிப்பி கொழுத்து மஞ்சளாக இருக்கும், விலையும் கூடும்.

போன வருஷமும் கடல் தெளிந்துதான் இருந்தது.

ஓணம் கழிந்த ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து நாத்தனார் புஷ்பபாய் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னப்பனும் மனைவி குமாரியும் இருந்தார்கள். செல்லையன் சிப்பியோடு வந்தவர் சாப்பிடாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். விமலகுமாரி நல்லமிளகும் வத்தலும் தேங்காயும் வறுத்து அரைத்துச் சிப்பியைப் பொரித்தாள். மரச்சீனிக் கிழங்கோடு இலையில் விழுந்ததும் ஆளாளுக்குப் பேச்சு நின்றது.

முதலில் புஷ்பபாய்தான் சொன்னாள். "எட்டி விமலா, என்ன மசாலா பிள்ளே இது? எனக்க சுண்டு மரத்துப் போச்சு!"

"எனக்கு நாக்கே இல்ல இப்பம்," என்றார் பொன்னப்பன். "கடிச்சுத் தின்னுட்டேனோ என்னவோ."

செல்லையன் உதட்டைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். ராஜதாஸ் தன் இரண்டு உதட்டையும் விரலால் இழுத்துக் காட்டி, "பாருங்க, இது வேற ஆருக்கோ உள்ள சுண்டு, எனக்கு ஒட்டி வெச்சிருக்கு," என்றார். விமலகுமாரிக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் வேணுமா, இன்னும் வேணுமா என்று சட்டியோடு சுற்றி வந்தாள்.

சாயங்காலத்துக்குள் மற்றவர்களுக்கு நாக்கு சரியாகிவிட்டது. ராஜதாசுக்கு விரல் நுனிகளும் மரத்தன. அப்புறம் பேச்சு குழறியது. குடிகாரன்போல வேஷம் போடுகிறார் என்று அபின் கூடச் சிரித்தான். கை தூக்க முடியாமல் போனபோதுதான் சிரிப்பு நின்றது. மருந்துக்கடைக்காரர் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, ஸ்ட்ரோக்காக இருக்கும் என்றார். வெளியே நல்ல மழை. ராஜதாஸ் கண்ணை மூடி அமைதியாகக் கிடந்ததால், வெளுத்ததும் கொண்டுபோகலாம் என்று இருந்துவிட்டார்கள். வெளுக்கும் முன்பே மூச்சு சுருங்கிப்போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ அமரவிளை தாண்டும்போது மூச்சே நின்றது.

எல்லோரும் ஸ்ட்ரோக் என்று முடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், "கடைசியா அந்தச் சிப்பிய ருசிச்சுத் தின்னுட்டுத்தான் போனான்," என்று ஆறுதல் சொன்னார்கள். "என்ன மசாலா, நாக்கு மரத்துப் போச்சு!"

அந்த மசாலாவை அவள் பிறகும் அரைத்திருக்கிறாள். மாட்டிறைச்சியில் வைத்தாள். இறாலில் வைத்தாள். ஒரு நாள் வெறும் மசாலாவை உள்ளங்கையில் போட்டு நக்கினாள். எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. உதடு மரக்கவே இல்லை.

இதை அபினிடம் ஒரு முறை சொன்னாள். "அம்மா, இனி அப்பாவ நீங்கதான் கொன்னீங்கன்னு ஆரம்பிக்காதீங்க," என்று அவன் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம் பிரசீதா நின்று பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொன்னப்பனின் மகள். தனுவச்சபுரத்தில் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை மெல்லிய துணி வலையும் பாட்டில்களுமாகப் பொழியூருக்குப் பஸ் ஏறுவாள். "எனக்க மக கடல பாட்டில்ல அடைச்சு வீட்டுக்குக் கொண்டுவாறா, ஒரு நாளைக்கு கப்பலும் வரும்," என்று பொன்னப்பன் கேலி செய்வார்.

"பிரசீதா, ஒரு காரியம் கேட்டா சிரிக்கமாட்டியே?"

"கேளுங்க மாமி."

"கடல் செந்து கிடந்தது எதுனால?"

பிரசீதா கையைத் துடைத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள். "கண்ணுக்குத் தெரியாத பாசி மாமி. ஒரு சொட்டு வெள்ளத்துல நூறு கிடக்கும், ஆயிரமும் கிடக்கும். அதுகளுக்கு வெயிலு வேணும், உரம் வேணும், காத்து அடங்கிக் கிடக்கணும். இங்க மழக்காலத்துல கடலுக்க அடியிலிருந்து குளுந்த வெள்ளம் மேல ஏறும், அதுல உரம் உண்டு. பொறவு, மலையில ரப்பருக்கும் வாழைக்கும் போடுத உரம் முழுக்க மழையில நெய்யாத்துல ஒழுகி வரும். ஆத்து வாயில மண்ணு அடைச்சுக் கிடக்குத பொழிய வெட்டி விட்டா, கெட்டிக் கிடந்தது எல்லாம் ஒரேயடியா கடலுல சாடும். அதுக்கு மேல மழ நின்னு, காத்தும் நின்னு, வெயிலு அடிச்சா எப்படி இருக்கும்?"

"எப்படி?"

"அதுகளுக்கு கல்யாணவீடுதான். தின்னு பெருகி கடலே நிறம் மாறிப்போவும். முன்ன எல்லாம் காத்து வந்து கலைச்சு விடும். இப்பம் வெயிலு நீண்டு நிக்குது, கடலும் சூடு கூடிக் கிடக்குது."

"எல்லாம் விஷமா?"

"இல்ல மாமி. செந்து கிடக்குத பாசி முக்காலும் பாவம், ஒண்ணும் செய்யாது. நிறமே மாறாம விஷம் உள்ளதும் உண்டு." பிரசீதா கைப்பேசியை எடுத்து ஒரு படத்தை ஓடவிட்டாள். மங்கிய வெளிச்சத்தில், உருண்டை உருண்டையாக ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு ஒரு சங்கிலி நீந்திப் போனது. "இந்த வருஷம் நான் எடுத்த வெள்ளத்துல இந்த ஜாதி உண்டு. விஷமுள்ள கூட்டத்துல சேந்ததாக்கும்."

விமலகுமாரி குனிந்து பார்த்தாள். அது ஒரு பஸ்ஸைப்போல வளைந்து திரும்பியது. உள்ளே வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல.

"இப்பம் கடல் தெளிஞ்சிருக்கே?"

"பாசி போயிருக்கும். கொஞ்சம் விதை மாதிரி அடிமண்ணுல உறங்கும். ஆனா சிப்பி தெளியாது மாமி. அது பகலும் ராத்திரியும் வெள்ளத்தக் குடிச்சு அரிச்சு, அதுல உள்ளத எல்லாம் உள்ள சேத்து வெச்சுக்கிடும். கடல் மறந்த பொறவும் அது வெச்சிருக்கும். வாரக்கணக்குல."

"அவிச்சா?"

"அவிச்சாலும் பொரிச்சாலும் போவாது."

"தின்னா என்ன செய்யும்?"

பிரசீதா பதில் சொல்வதற்குள் விமலகுமாரியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முதல்ல சுண்டு மரக்கும்."

வேலியில் வைத்திருந்த கையை விமலகுமாரி எடுத்துக்கொண்டாள்.

"மாமி, போன வருஷம் நான் வெள்ளம் எடுக்கல்ல. அதுனால நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இந்த வருஷத்துச் சிப்பிய பரிசோதனைக்கு கொச்சிக்கு அனுப்பியிருக்கு. ரிசல்ட் வரல்ல."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வருமா?"

"வராது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செல்லையன் சாக்கைக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினார். நல்ல சிப்பி. ஓடு கறுத்து மினுங்கியது.

"பாத்தியா தங்கச்சி, இந்தக் கொழுப்ப? எனக்க கூட்டாளிக்குன்னு கல்லு கல்லா நோக்கிப் பறிச்சது."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ராஜதாசின் பஸ்ஸில் சிப்பிக்கூடையோடு ஏறி ஏறிப் பழகிய மனிதர். வாங்கமாட்டேன் என்றால் அழுதுவிடுவார். செத்தவரோடு பேசுகிறாள் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவள் சொன்னால் யார் கேட்பார்கள்? பாஸ்டர் வருவார். சபையில் பாதி வரும். குழந்தைகள் வரும்.

அவள் மசாலா வறுத்தாள். வாசனை கிளம்பியதும் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே அவர் வந்துவிட்டார்.

"அவிச்சாச்சா?"

"இல்ல."

"அவியி விமலே. நாக்கு ஊறுது."

"நீங்க சொல்லுதது திங்குததுக்கா, திங்காம இருக்கதுக்கா?" அம்மியில் கையை வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஒரு வருஷமா சிப்பி சிப்பின்னு கேக்குதீங்களே. வேணும்னு கேக்குதீங்களா, வேண்டாம்னு சொல்லுதீங்களா? நேரே சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே ரப்பர் இலை ஒன்று விழுந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர் அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் எழுந்து போய் சிப்பிச் சாக்கின் மேல் ஒரு அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜெபம் முடிந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு மேசை வைத்திருந்தார்கள். அபின் மரச்சீனியைப் பரிமாற, பின்னாலேயே விமலகுமாரி சட்டியோடு வந்து ஒவ்வொரு இலையிலும் கறுத்த மசாலாவை ஒரு கரண்டி வைத்தாள்.

"எட்டி, மசாலா மட்டும்தான் இருக்கு. சிப்பி எங்க?" என்றாள் புஷ்பபாய்.

"வரும் மைனி. முதல்ல இதத் தின்னுங்க."

"சிப்பிய மேசைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கா," என்றார் பொன்னப்பன். "பாஸ்டர் போன பொறவு தனியா திங்குததுக்கு."

பாஸ்டர் சிரித்துக்கொண்டே கிழங்கை மசாலாவில் தொட்டு வாயில் போட்டார். "அடேயப்பா. காரம் கொள்ளாம்."

"மைனி, நாக்கு மரக்குதா?"

"நல்ல எரிவு உண்டு."

"எரிவு கேக்கல்ல. மரக்குதா?"

புஷ்பபாய் இன்னொரு வாய் போட்டாள். உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தாள். "இல்லியே. என்ன பிள்ளே, கை மறந்து போச்சா ஒனக்கு?"

"பொன்னப்பண்ணே, ஒங்களுக்கு?"

"நாக்கு அங்கதான் இருக்கு."

"செல்லையண்ணே?"

செல்லையன் தலையாட்டினார். விரல் தானாகப் போய் உதட்டைக் கிள்ளியது.

அபின் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, போதும்," என்றான். "எல்லாரும் பாக்குதாங்க."

"பாக்கட்டு. மக்கா, நீயும் தின்னு." கரண்டியை அவன் பக்கம் நீட்டினாள். "அதே மிளகு. அதே வத்தல். அதே அம்மி. அரைச்ச கையும் இதுதான். போன வருஷம் தின்ன ஒங்க எல்லாருக்கும் மரத்துது, இன்னைக்கு ஆருக்கும் மரக்கல்ல. இன்னைக்கு இதுல இல்லாதது சிப்பி ஒண்ணுதான்."

மேசை நெடுகிலும் ஒவ்வொருவர் கையாக வாய்க்குப் போயிற்று. பாஸ்டரின் மனைவி, மடியிலிருந்த குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்தாள், அவசரமாக, திரும்பத் திரும்ப. போன வருஷம் சிரித்த சிரிப்பு, அன்று தின்றவர்கள் முகத்தில் வந்து போவதை விமலகுமாரி பார்த்தாள்.

"அப்பம் நான் கொன்னேன்னா சொல்லுதே?" செல்லையன் எழுந்துவிட்டார்.

"நீங்களும் ஒரே சட்டியில இருந்து தின்னீங்களே அண்ணே. தெரிஞ்சா தின்னிருப்பீங்களா?"

"வெள்ளம் தெளிஞ்சு கிடந்து தங்கச்சி. கர்த்தராண, தெளிஞ்சு கிடந்து."

"வெள்ளம் தெளிஞ்சாலும் சிப்பி தெளியாது மாமா," என்றாள் பிரசீதா, பந்தலின் ஓரத்திலிருந்து. "இந்த வருஷம் அந்தப் பாசி கடலுல உண்டு. நான் கண்டேன். சிப்பியில எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியாது. தெரியுத வரைக்கும் திங்கக்கூடாது."

செல்லையன் அவளையே பார்த்தார். பிறகு திடீரென்று பைகளைத் துழாவிக் கைப்பேசியை எடுத்தார். "எனக்க மருமவ... அவளுக்கு கொஞ்சம் குடுத்துட்டு வந்தேன்... எட்டி! எடுடீ! அடுப்புல சிப்பி கிடக்கா? அணை! அணைச்சுட்டு வெளிய கொட்டு! பிள்ளைக்கு குடுத்தியா? குடுக்கல்லியே? வாயில வெச்சியா நீ?" கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "வைக்கல்ல," என்று திரும்பிச் சொன்னவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அபினும் பொன்னப்பனும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டி மூடினார்கள். ஜெபத்துக்கு வந்தவர்கள் குரல் எழுப்பாமல் விடைபெற்றார்கள். புஷ்பபாய் மட்டும் போகவில்லை. வீட்டுக்குள் நடுமுறியில் நாற்காலியில் இருந்துகொண்டு பிரசீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் தின்னேனே மோளே. அவன விடக் கொறச்சு ஒண்ணும் தின்னல்ல. என்னை விட்டுட்டு அவனை எதுக்கு?"

"ராஜதாஸ் மாமா வேற எதாவது கூடுதலா...?" பிரசீதா விமலகுமாரியைப் பார்த்தாள். "சிப்பி அவிச்ச வெள்ளத்த என்ன செய்தீங்க மாமி?"

"மிளகு தட்டிப் போட்டு அவருக்குக் குடுத்தேன். முட்டுவேதனைக்கு கொள்ளாம்னு. எப்பவும் குடுக்குததுதான். ஒரு செம்பு நிறைய." விமலகுமாரி அதைச் சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குக் கேட்டது.

பிரசீதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு மோளே. எதானாலும் சொல்லு," என்றாள் விமலகுமாரி.

"விஷம் அவிக்கும்போ அந்த வெள்ளத்துலயும் இறங்கும் மாமி."

வாசலில் அபின் மண்வெட்டியோடு வந்து நின்றான். கால் முழுக்கச் செம்மண். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பவே கொண்டு போயிருந்தா?" என்று கேட்டான்.

"தெரியாது அண்ணா. விஷம் எவ்வளவு ஏறிப்போச்சோ. மெஷின் வெச்சு மூச்சு குடுத்து ஒரு நாள் தாண்டினா, பிழைச்சவங்க உண்டு. இது தலைக்குள்ள போற விஷம் இல்ல. தசைதான் அசையாது. மூச்சும் தசைதானே." பிரசீதா மெதுவாகச் சொன்னாள். "ஓர்மை போகாது."

"போகாதுன்னா?" என்றாள் புஷ்பபாய்.

"கண்ணு திறக்க முடியாது. பேச முடியாது. ஆனா பக்கத்துல இருக்கவங்க பேசுதது..."

பிரசீதா அங்கே கிடந்த கட்டிலைப் பார்த்தாள்.

அந்த ராத்திரி, மூச்சு சுருங்கி ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, இதே நடுமுறியில், அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் எல்லோரும் இருந்தார்கள். புஷ்பபாய் தம்பியின் தலைமாட்டில் முழங்கால் போட்டு, ஊருக்கே கேட்கிற குரலில் ஜெபித்தாள்: இழுத்துக்கொண்டு கிடக்காமல் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே. விமலகுமாரி கால்மாட்டில் நின்று ஆமென் சொன்னாள். அபின் கட்டில் காலில் சாய்ந்தபடி கடை முதலாளிக்குப் போன் செய்தான்: அப்பா முடிஞ்ச மாதிரிதான் சார், நாளைக்கு எப்படியும் அடக்கம் இருக்கும்.

விமலகுமாரி மகனைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அவனும் அதே வார்த்தைகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

புஷ்பபாய் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். எல்லோரையும் அதட்டியே பழகிய பெண். கட்டிலருகே போய், விரித்து மடிப்புக் கலையாமல் கிடந்த விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நோயாளியின் பக்கத்தில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"லேய் ராஜதாசே. அக்கா அன்னைக்கு அப்பிடி ஜெபிச்சது நீ கஷ்டப்படக்கூடாதுன்னாக்கும். கேட்டியா? ஒன்னைப் போவச் சொல்லி ஜெபிக்கல்ல லேய்."

செத்தவரோடு பேசுவதற்கு டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று இப்போது யாரும் சொல்லவில்லை. விமலகுமாரி கட்டிலின் கால்மாட்டில், அன்று நின்ற இடத்திலேயே போய் நின்றாள். அபின் மண்வெட்டியைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, அத்தை முடிக்கட்டும் என்று வாசற்படியில் காத்து நின்றான்.